உசைர் அண்ணன் சட்டை

அன்புள்ள ஷிபா,

என் போன் அம்மாவிடம் இருக்கிறது. அதனால் உன் புத்தகத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

போன மாதத்து ஞாயிற்றுக்கிழமையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். செஞ்சியில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று உன் அண்ணன் உசைரின் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, அவர் பைக்கையே எடுத்து வந்தாய். மேல்சித்தாமூர், மண்டகப்பட்டு என்று நாள் முழுக்க வயல் நடுவே போகும் சாலைகளிலேயே சுற்றினோம். "கெட்டியா புடிச்சிக்கடி, வுழுந்தா திரும்பி வந்து தூக்கமாட்டேன்" என்று கத்தினாய். நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நானே கேட்டதில்லை.

அப்போதுதான் மாமா பார்த்திருக்கிறார். எவனோ ஒரு பையனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

"யாருடி அவன்?" என்று அம்மா கேட்டாள். உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உசைர் அண்ணன் உன் பி.எட். படிப்பை நிறுத்திவிடுவார்.

நைனா எதுவும் கேட்கவில்லை. "வேலையும் வேணாம், மெட்ராசும் வேணாம்" என்றார். எங்கள் வீட்டின் முதல் டிகிரிக்குக் கிடைத்த வேலை. நேற்று சேர்ந்திருக்க வேண்டும். திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டோடு தட்டு மாற்றியாகிவிட்டது.

நீ வந்து உண்மையைச் சொல்லிவிடாதே. இனி கல்யாணம் நிற்காது, உன் படிப்புதான் நிற்கும்.

பத்திரிகை வைக்க அம்மாவே உன் வீட்டுக்கு வருவாள். உன்மேல் அவளுக்கு அவ்வளவு மதிப்பு. காலையில்கூட, "அந்த ஷிபா எவ்ளோ அடக்கமான பொண்ணு. அதுகூடயே இருந்திருந்தா உனுக்கு இந்த கதி வந்திருக்குமா?" என்று அழுதாள்.

என்றும் உன்
தோழி