அகலமாகிவிட்ட கோடு

நைனாவுக்கும் அம்மாவுக்கும் ஜெர்மனியிலிருந்து எழில் எழுதுறது. ஊட்ல எல்லாரும் சௌக்கியமா? நைனா, முட்டிவலியோட இன்னும் பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுறீங்களாமே, சித்ரா அக்கா சொல்லிச்சு.

போன்ல சொன்னா பதறுவீங்கன்னு இதை எழுதுறேன். முதல்ல என் ஆராய்ச்சி என்னன்னு சொல்லிடுறேன். சில கேலக்ஸிகளோட நடுவுல பெரிய கருந்துளை இருக்கும். அதைச் சுத்துற வாயு ஒளிரும். அந்த வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்சா பளிச்சுனு கோடுகள் தெரியும். கருந்துளைக்குப் பக்கத்துல வேகமா சுத்துற வாயுவோட கோடு அகலமா இருக்கும். தள்ளி மெதுவா சுத்துறதோட கோடு மெல்லிசா இருக்கும். ரெண்டும் தெரிஞ்சா முதல் வகை, மெல்லிசு மட்டும்னா ரெண்டாம் வகை.

ரெண்டாம் வகைன்னு எல்லாரும் சொன்ன ஒரு கேலக்ஸியில எனக்கு அகலமான கோடு தெரிஞ்சுது. எங்க ஆராய்ச்சிக் குழு கூட்டத்துல என் பேராசிரியர், "வேற எதையோ பார்த்துட்டு வந்திருக்கே"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அழுகையை அடக்கிக்கிட்டு, டெலஸ்கோப்புல மறுபடி பார்க்க அனுமதி வாங்கினேன். அதே கேலக்ஸிதான், கோடு இன்னும் அகலமாயிருந்துச்சு. அது நிஜமாவே வகை மாறிக்கிட்டிருக்கு. "அவசரப்பட்டுட்டேன். இனிமே இது உன் வேலை"ன்னு எல்லார் முன்னாடியும் பேராசிரியரே சொன்னார்.

அது மாற மாற பார்த்துக்கிட்டே இருக்கணும், அதை விட்டுட்டு சித்ரா அக்கா வளைகாப்புக்கு வர முடியாது. அக்காகிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்க.

யாராவது வந்தா சாம்பார்ப் பொடி கொடுத்துவிடுங்க. அப்புறம், ஞாயித்துக்கிழமை பேச ஒண்ணுமில்லன்னு போனை கட் பண்ணிடாதீங்க. அடுப்படியில வெச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க. அம்மா தாளிக்கிறதையும், நைனா டிவி நியூஸுக்குப் பதில் சொல்றதையும் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

பஸ் வந்துடுச்சு, முடிச்சுக்கிறேன்.

எழிலரசி