அப்பா படத்துக்குக் கீழே வந்த கேள்விகள்

யாத்கிர்,
மதிய இடைவேளை.

அம்மாவுக்கு பாக்யா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மாரிகுப்பத்தில் நல்ல மழையாமே, நனையாமல் இரு. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு வலைப்பூ எழுதவும் அதில் படங்கள் பகிரவும் சொல்லிக்கொடுத்தார்கள். பழகிப் பார்க்க, அப்பா ஹெல்மெட்டோடு, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் முன்னால் நிற்கும் பழைய படத்தைப் போட்டேன். "என் அப்பா, தங்கச் சுரங்கத் தொழிலாளி" என்று மட்டும் கன்னடத்தில் எழுதினேன். மறுநாள் அதன் கீழே என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள்: "தாத்தா, உள்ளே இருட்டா? உங்களுக்குப் பயமா இருக்காதா?"

அவரே பதில் சொல்வார் என்று நினைத்துவிட்டார்கள். போன மாதம் இறந்துவிட்டார் என்று எழுத வெகுநேரம் ஆயிற்று. கண் கொஞ்சம் எரிந்தது, வேறொன்றுமில்லை. எழுதியதும் மல்லம்மா என்ற சிறுமி பதில் போட்டாள்: "அப்போ உங்க அம்மாவக் கேட்டுச் சொல்லுங்க டீச்சர்."

காரியம் முடிந்ததிலிருந்து நீ யாரோடும் பேசுவதில்லை என்று தம்பி ரூபேஷ் சொன்னான். நான் போன் செய்தாலும், "இன்னா பேசறது, வெச்சுடும்மா" என்கிறாய். அதனால்தான் கடிதம். அப்பா நைட் ஷிஃப்ட் போனால் விடியும்வரை தூங்காமல் உட்கார்ந்திருப்பாயே, அதைச் சொன்னால்கூடப் போதும். ரூபேஷ் பதிவு செய்து அனுப்புவான்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. அப்பாவின் ஸ்வெட்டரையும். துவைக்க வேண்டாம்.

பெல் அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன். பிள்ளைகளுக்கு என்னம்மா சொல்லட்டும்?

உன்
பாக்யா