முறை சொல்லாத குரல்

நவம்பர் 12

பூங்குழலி இன்று மனுத் தாக்கல் செய்துவிட்டாள். தையல் மிஷினை விட்டு எழவே அவளுக்கு மனமில்லை. நான்தான் பேசிப் பேசி ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்க வைத்தேன். எதிரே மிளகு வியாபாரி சின்னுசாமி. வேலையைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக்கூடாது என்று இருவரையும் கோயில் வாசலில் சொல்ல வைத்ததும் நான்தான்.

"காலேசு டீச்சருக்குப் பயந்துக்கிட்டே நாங்கெல்லாம் நல்லவிங்களாயிருவோமுங்க" என்று சின்னுசாமி சிரித்தார்.

எனக்கும் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சொல்லட்டும்.

நவம்பர் 16

ஊர் வாட்ஸ்அப் குழுவில், யாருக்கும் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு. ஆண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. பூங்குழலியின் உடம்பைப் பற்றி, அவள் கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்பது பற்றி. அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். கத்தவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் போல நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக.

குரலை மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. மனிதன்தான். கண்டுபிடித்துவிடலாம்.

நவம்பர் 17

பக்கத்துத் தோட்டத்து ராமாயி குச்சிக்கிழங்கு கொடுக்க வந்தாள். பதிவை அவளும் கேட்டிருக்கிறாள்.

"அது மனுசனில்லீங்க."

"பின்னே பேயா? பேய்க்கு யார் சிம் கார்டு கொடுத்தது?"

"சிரிங்க, சிரிங்க. மஞ்சு மூடிக் கண்ணு தெரியாதப்ப யாராச்சும் கூப்புட்டா நாங்க சட்டுனு திரும்ப மாட்டோம். அத்தை, சித்தி, அக்கான்னு மொறை சொல்லிக் கூப்புட்டாத்தான் மனுசன். மொறை சொல்லிட்டு எவனுக்குங்க இப்படிப் பேச வாய் வரும்?"

இந்த மலையில் பிறந்தும் நான் இதை மதித்ததில்லை. ஆனால் பதிவை மறுபடி கேட்டேன். உண்மைதான். பெயர் சொல்கிறது, சாதி சொல்கிறது. முறை மட்டும் சொல்லவில்லை.

நவம்பர் 19

இரண்டாவது பதிவு. பூங்குழலி கடையைச் சாத்திவிட்டாள்.

"ரோட்டுல எந்த ஆம்பளை வாயத் தொறந்தாலும் அந்தக் கொரலாவே கேக்குது அண்ணி. பஸ்ஸுல சீட்டு குடுக்கறவரு பேசுனாக்கூட. நாளன்னிக்கு ஊர்க்கூட்டம் முடிஞ்சதும் வாபஸ் வாங்கிக்கறேன்."

நிற்க வைத்தவள் நான்.

என் கணவர் வேல்முருகன் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார். "மனசு விடாத சாமி" என்றார். ஊரிலேயே மெதுவாகப் பேசுகிறவர். நாயைக்கூட அதட்ட மாட்டார்.

நவம்பர் 20

மதியமே மஞ்சு இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பலாமரம்கூடத் தெரியவில்லை. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். குரலுக்குப் பின்னால் ஏதோ தட்டுகிறது. இரண்டு முறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

போனை நிறுத்தினேன். தட்டல் நிற்கவில்லை.

எங்கள் கொல்லைக் கதவு. காற்றடித்தால் ஆடும் அந்தத் தாழ்ப்பாள். சரிசெய்யச் சொல்லி எத்தனை வருடம் —

அடுப்படியில் அவர் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

திரும்பவில்லை. மறுக்கவும் இல்லை. "அது நானில்ல கண்ணு. சின்னுசாமி நம்ம கட்சிக்காரரு, கட்சிக்காகப் பேசுனது. வாய் மட்டுந்தான் என்னுது."

அந்த நிதானம். அதே நிதானம். இந்தக் குரலுக்குப் பக்கத்திலா இருபத்து மூன்று வருடம் படுத்துக் கிடந்தேன்? எழுத முடியல.

நவம்பர் 21

ஊர்க்கூட்டம். சின்னுசாமி தனக்கு எதுவும் தெரியாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். பிறகு பூங்குழலி எழுந்தாள்.

"பேசுனவிங்க இங்கதான் இருப்பீங்க. மொறை சொல்லிக் கூப்புட்டுட்டு, அதையே என் மூஞ்சியப் பாத்து ஒருக்கா பேசுங்க. நான் போயிர்றேன்."

என் பக்கத்தில் இவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், சாது போல.

நான் எழுந்தேன். அவர் பெயரைச் சொன்னேன்.

அவரும் எழுந்தார். அவருக்கு அவள் தங்கை முறை. "தங்கச்சி..." என்றார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அப்படியே இறங்கி மஞ்சுக்குள் நடந்தார். பத்தடியில் ஆள் இல்லை.

நவம்பர் 22

பூங்குழலி வாபஸ் வாங்கவில்லை.

டிசம்பர் 14

பூங்குழலி தோற்றுவிட்டாள், கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில். சின்னுசாமி மாலையோடு முதலில் போனது அவள் கடைக்கு. "அம்மிணி, தண்ணித் தொட்டி விசயத்துல நீ சொன்னதுதான் சரி. ஆனா ரோடு விசயத்துல நீ சொன்னது தப்பு" என்றாராம். அவள் விடவில்லையாம். ஒரு மணி நேரம் ரோட்டைப் பற்றியே சண்டை.

என் வீட்டுக்காரர் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் தம்பி வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

டிசம்பர் 27

தாழ்ப்பாளை நானே சரிசெய்தேன். இப்போது காற்றில் ஆடுவதில்லை.

இன்று மதியம் மஞ்சு இறங்கியபின் கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம். இரண்டு முறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. பிறகு என் பெயர். மெதுவாக, நிதானமாக. வெறும் பெயர்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "முறை சொல்லுங்க" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. போகவும் இல்லை.