நான்கு நாள் எழுதிய பதில்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வரி கீழே சறுக்குவது கை நடுக்கத்தால் அல்ல. பேனா இன்னும் என் சொல் கேட்பதில்லை. இதுவரை வந்த கடிதமெல்லாம் நான் சொல்லி உன் அக்கா எழுதியது. அதில் பாதி அவள் சரக்கு. இது முழுக்க என்னுடையது. எழுபத்தொரு வயதில் மாலைப் பள்ளிக்குப் போய்ப் படித்துவிட்டேன்!

போன வாரம் முதல்முறையாகப் பேப்பரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சரக்குக் கப்பலில் தீ.' நிமிர்ந்தால் மேலே உன் படம். இழுவைப் படகின் முனையில் தண்ணீர்க்குழாயைப் பிடித்து நிற்கிறாய்.

"நான் படிச்சதைக் கேட்டியா?" என்றேன் உன் அக்காவிடம்.

"அது கிடக்கட்டும், தம்பி நிக்கிற நிலையைப் பாருங்க!"

படத்தை வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாள். எனக்கு டீ ஊற்றும்போதும் கண் அங்கேதான். நேற்று கோப்பை வழிந்தது. ஐம்பது வருஷம் கடலில் வலை இழுத்தேன். ஒருவரும் என்னைப் படம் பிடிக்கவில்லை. வயிறு எரிகிறது, மாப்பிள்ளை. உன் குழாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு.

மெல்ல எழுதும்,
அத்தான்


பிப்ரவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் படகில் உங்கள் கடிதம் வந்தது. எல்லோருக்கும் காட்டினேன். சமையல்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கப்பல் இன்னும் எரிகிறது. பெட்டிகளில் ரசாயனம், மூட்டை மூட்டையாகப் பயறளவு பிளாஸ்டிக் மணிகள். அடியில் முந்நூறு டன் எண்ணெய். நாங்கள் ஊற்றும் தண்ணீரே அதை அமிழ்த்துகிறது. துறைமுகத்தில் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். அடுத்த வாரம் வெள்ளி, 20ஆம் தேதி, மணல்திட்டுக்கு அப்பால் இழுத்துப் போக உத்தரவு. திட்டுக்குத் தெற்கேயா, கிழக்கேயா? அங்கே நீரோட்டம் எப்படித் திரும்பும் என்பது வரைபடத்தில் இல்லை, உங்களுக்குத்தான் தெரியும். "எங்க அத்தானைக் கேட்டுச் சொல்றேன்" என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்கே என் போன் எடுக்காது. துறைமுக அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள், எண் கீழே. வயர்லெஸ்ஸில் எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் மச்சினன்


பிப்ரவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் திங்களன்று வந்தது. உடனே உன் அக்கா போனைக் கையில் திணித்தாள். "இப்பவே சொல்லிடுங்க."

"அவன் படம் பேப்பர்ல வந்துச்சுல்ல? என் எழுத்தை அந்தக் கேப்டன் பாக்கட்டும்" என்றேன். எந்தத் திசை என்று அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளே பேசிவிடுவாள்.

மூன்று தாளைக் கிழித்தேன். 'நீரோட்டம்' என்ற சொல்லுக்கே ஒரு மாலை போனது. விரைவுத் தபாலில் போடுகிறேன்; நாளைக்கே சேரும் என்றார் தபால்காரர்.

தெற்கே போகாதே. அமாவாசைக்குப் பிறகு அங்கே மேல்தண்ணீர் எங்கள் கரைக்குத் திரும்பும். கிழக்கே, ஆழத்துக்குப் போ. கேப்டனிடம் இந்தத் தாளையே காட்டு.

அத்தான்


பிப்ரவரி 24

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. வெள்ளி மாலை வரை கேப்டன் காத்திருந்தார். பிறகு தெற்கே இழுத்தோம். சனி காலை கப்பல் மூழ்கிவிட்டது.

எழுத்து அழகாக இருக்கிறது. கேப்டனிடம் காட்டவில்லை. தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மச்சினன்


மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிளாஸ்டிக் மணிகள் வந்துவிட்டன. கரை முழுக்க வெள்ளை, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. செத்து ஒதுங்கிய மீனின் செவுளைத் திறந்தால் உள்ளேயும் அதே மணி. படகையெல்லாம் கரையேற்றிவிட்டார்கள், எப்போது இறக்கலாம் என்று யாருக்கும் தெரியாது. நான் தினமும் சல்லடை எடுத்துப் போய்ச் சலிக்கிறேன். ஒரு நாளைக்கு அரை மூட்டை.

"பெரியவரே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?" என்றார்கள் கரையில் இருந்தவர்கள். இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீனுக்கு ஐஸ் விற்கும் ஐஸ்காரர், "போன் இருந்துச்சுல்ல?" என்றார்.

நீ திருப்பி அனுப்பிய தாளை உன் அக்கா அடுப்பில் போடுவாள் என்று நினைத்தேன். உன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். டீ இப்போது வழிவதில்லை. அவள் எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இப்போதும் உன்மேல் பொறாமைதான். உன்னால் முடிந்ததை நீ செய்தாய்.

அடுத்த வாரமும் எழுதுவேன். அவசரம் என்றால் போன் போடுகிறேன்.

அத்தான்