துணைத் தலைவரின் ரப்பர் கையெழுத்து

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. உன் அத்தானுக்கு வாய் மட்டும் குறையவில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் பெரியவர் ஒழிந்தார்! துணைக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து நேற்று அவரை நீக்கிவிட்டார்கள். ராஜினாமா இல்லை, நீக்கம். கேட்டுக்கொள், கடுகளவு இரக்கம்கூட எனக்கு வரவில்லை.

உன்னை ஒழித்ததோடு அவர் சிபாரிசுக் கடிதங்களை நிறுத்தினாரா என்ன? இந்த முறை மேலவை உறுப்பினர்கள் விடவில்லை. பதவி நீக்கத் தீர்மானத்துக்குப் பதினான்கு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷப் பதவியில் எட்டு மாதம்தான் பாக்கி, எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இவர் மலை ஊருக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். கடைசி நாள் தலைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். தேறாது என்று தெரிந்ததும் ராஜினாமா! நீக்கம் என்ற பெயர் இல்லாமல், மாலை மரியாதையோடு நழுவப் பார்த்தார்.

குடியரசுத் தலைவர் அலுவலகத்துக்கு எது வந்தாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும், உனக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு, உன் இடத்தில் இப்போது இருக்கும் உதவியாளர் கவரோடு வந்தார். உடல்நலம் கருதிப் பதவி விலகுகிறாராம். தாளைத் திருப்பித் தடவினேன். பேனா அழுத்திய தடமே இல்லை. கையெழுத்தின் கடைசிச் சுழிப்பில் அந்தச் சின்ன வெட்டு. நீ ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் காட்டிச் சிரித்தாயே, அதே ரப்பர் முத்திரை.

தன் மைத்துனருக்கு அரசு நிலம் கேட்ட கடிதம் வெளியே வந்தபோது, "நான் எதையும் கைப்படத்தான் கையெழுத்திடுவேன், முத்திரை குத்தியதெல்லாம் போலி" என்று விசாரணையில் எழுதிக் கொடுத்து உன்னை மோசடிக்காரன் ஆக்கிய மனுஷன் அல்லவா!

துணைத் தலைவர் விலக வேண்டுமானால் தன் கைப்படக் கையெழுத்திட்டுக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும், இது செல்லாது என்றேன். அந்த ஆள் பதறிவிட்டார். ஐயா சொல்லித்தாம்மா குத்தினேன், எப்பவும் இப்படித்தானே நடக்குது என்றார். அப்படியா, அதையே எழுதிக் கொடுங்களேன் என்று பல்லைக் காட்டினேன். மலை ஊருக்குப் போன் போட்டார். அங்கிருந்து என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துத் தொலை என்று சத்தம் கேட்டது. "பல வருஷங்களாக ஐயாவின் உத்தரவின்படியே முத்திரை குத்தப்படுகிறது" என்று எழுதி வாங்கினேன். தேதியும் நேரமும் குத்தி, துணைத் தலைவருடைய பழைய வாக்குமூலத்தையும் சேர்த்து எங்கள் செயலாளரிடம் வைத்தேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, கைப்படன்னா கைப்படத்தான், திருப்பிக் கொடுத்துடுங்க என்றார். நுணலும் தன் வாயால் கெடும்.

பதினொரு மணிக்கு மேலவை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். மூன்றே முக்காலுக்குக் கீழவையும் ஒப்புக்கொண்டது.

ஐந்து மணிக்கு அவரே வந்தார், தம்பி. சட்டையெல்லாம் கசங்கி, கையில் சொந்தக் கையெழுத்தோடு கடிதம். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மூணு மணிக்கே வந்ததா ஒரு முத்திரை குத்திடும்மா, உனக்கு வேண்டியதைச் செய்றேன் என்றார். முத்திரையை மாற்றிக் குத்தினால் என்ன கிடைக்கும் என்று என் தம்பியைக் கேளுங்கள் என்றேன். அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நானும் நிமிர்ந்தே நின்றேன். கடிதத்தை வாங்கி, ஐந்து பத்து என்று குத்தி, அனுப்பியவர் பதவியில் இல்லை என்று எழுதினேன். கடிதத்தை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வயிறு குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு, கல்யாணமான நாளிலிருந்து இவள் இப்படிச் சிரித்ததே இல்லை என்றார் உன் அத்தான்.

இந்த உதவியாளர் எழுதிக் கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இதைக் காட்டி உன் வழக்கைத் திறக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டதும் உன் அறையை ஒட்டடை அடிக்கப் போய்விட்டார்.

ஒன்று எழுதாமல் முடித்தால் நானும் உன் பெரியவரும் ஒன்றுதான். விசாரணையில் என்னையும் கூப்பிட்டு, அந்த முத்திரையைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். வேலை போய்விடும் என்று பயந்து, தெரியாது என்றேன். நீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அவரைப் பழிவாங்கி என்ன, அந்த ஒரு வார்த்தையை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

நீ வீட்டை விட்டுப் போன இந்த மூன்று வருஷத்தில் இதே விலாசத்துக்கு ஒன்பது கடிதம் போட்டேன். பதில் இல்லை, திரும்பியும் வரவில்லை. ஆள் இல்லாவிட்டால் தபால் திரும்பி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். நகலை எடுத்துக்கொண்டு, வெறும் கவரையாவது திருப்பி அனுப்பு. நீ இருக்கிறாய் என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா