மூடியில் எழுதாதே

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது. இந்த நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வயதில் முதல்முதலாகப் பிடித்த பேனா, கோட்டுக்கு மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. 'ழ' மட்டும் அழகாக வருகிறது. அதற்காகவே வாழைப்பழம் என்று நாலு தடவை எழுதினேன். என் கை, என் எழுத்து.

மகள் மாரிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாள், பெரிய காலிப் பையோடு. என் துணிமணியை எடுத்துவைக்கவாம்.

போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றேன். பால் பொங்கி நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் வீடெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ஜெயபாய்தான் வாடை பிடித்து ஓடிவந்து மூடினாள். மகளிடம் சொன்னதும் அவள்தான்.

"யப்பா, அம்மா போயி வருசமாச்சு. ஒத்தையில எதுக்கு இந்தப் பாடு? சிலிண்டரத் திருப்பிக் குடுத்துட்டு எங்கூட வாங்க."

"வர மாட்டேன்டி."

"இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா?"

"ஒரு மாசம் பாரு. ஆச்சுன்னா நானே பையத் தூக்கிட்டு வாரேன்."

பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். தொங்கட்டும்.

3 பிப்ரவரி

அடுப்புக்கு மேலே சுவரில் கரியால் எழுதினேன்: பால் அடுப்பில் இருந்தால் வாய்க்கு வேலை இல்லை.

7 பிப்ரவரி

நான் எழுத்துப் படிக்கப் போகிற மாலை வகுப்பில் வெங்கடேஸ்வரி டீச்சர், "தெரிஞ்சதை எழுதுங்க ஐயா" என்றார். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பருப்பை ஊறவைத்து வேகவை, கேஸ் மிச்சம். கரித்துணியைச் சோடா போட்டுக் கொதிக்கவை, நாற்றம் போகும். மனசு கனத்தால் முருங்கைக்கீரை ஆயலாம். ஒவ்வொரு இலையாக உருவி முடிப்பதற்குள் பாதிக் கனம் இறங்கிவிடும். மீதிப் பாதியை நாளைக்குப் பார்க்கலாம்.

12 பிப்ரவரி

அடுக்களையில் எட்டு எவர்சில்வர் டப்பாக்கள், எல்லாம் ஒரே அளவு. என் வீட்டுக்காரி வெள்ளத்தாய்க்கும் எழுத்து தெரியாது. ஒவ்வொரு டப்பாவின் கழுத்திலும் ஒரு நிற நூல் கட்டிவைத்திருந்தாள். உப்புக்கு நீலம், ஆப்பச்சோடாவுக்குச் சிவப்பு. நான் சொல்லிக்கொடுத்த வழிதான் அது. நூல் மில்லில் முப்பத்தெட்டு வருடம், நூல் சுற்றிய கோனின் நுனி நிறத்தைப் பார்த்தே எந்த நம்பர் நூல் என்று பிரித்துப் பெட்டியில் போட்டவன் நான்.

இனி எதற்கு நூல்? அறுத்துவிட்டேன். எட்டு மூடியிலும் பேர் எழுதி ஒட்டினேன். ஜெயபாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணாச்சி, கடை வைக்கப் போறீகளா?"

சிரிக்கட்டும். எட்டையும் நானே எழுதினேன். எட்டையும் நானே வாசித்தேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

மகள் வருகிறாள் என்று மூடிகளைக் கழற்றிவைத்துவிட்டு டப்பாக்களை எல்லாம் வெளிப்பக்கம் துலக்கினேன். பளபளவென்று இருந்தன. மூடிகளை எடுத்து மூடினேன். எந்த மூடி எந்த டப்பாவுக்கு? எல்லாம் ஒரே அளவு — யோசிக்கவே இல்லையே நான்!

அவள் கண் முன்னால்தான் ரசம் வைத்தேன். 'உப்பு' என்று இருந்த டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டேன். புளித்தண்ணீர் புஸ்ஸென்று நுரைத்துச் சட்டியை விட்டு எழுந்து அடுப்பெல்லாம் வழிந்தது. நெருப்பு அணைந்தது. போட்டது சோடா.

உடனே கேஸ் திருகை மூடினேன். சன்னலைத் திறந்தேன். பொறவுதான் அவளைப் பார்த்தேன். முகம் வெளுத்து நின்றாள்.

"என்னப்பா இது? துணி தொவைக்கவா, சோத்துல ஊத்தவா?"

"இரு. செத்த நேரம் இரு."

கொட்டினேன். அடுப்பைத் துடைத்தேன். எட்டு டப்பாவையும் திறந்து, வெள்ளையாக இருந்ததையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மறுபடி புளி கரைத்தேன். இந்தத் தடவை உப்பே போட்டேன். எழுத்துதான் கோணல், ரசம் கோணவில்லை. மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள்.

போகும்போது ஆணியிலிருந்த பையை எடுத்துக்கொண்டாள். எதற்கு? இன்னும் பெரிய பை கொண்டுவரவா?

24 பிப்ரவரி

மூடி ஊர் சுற்றும். டப்பாதான் வீட்டில் இருக்கும். மில்லில் அடையாளம் பெட்டி மூடியிலா இருந்தது? கோனில் அல்லவா இருந்தது! முப்பத்தெட்டு வருடம் தெரிந்திருந்ததை நாலு எழுத்து வந்ததும் மறந்தேனே. பேரை டப்பாவின் உடம்பிலேயே எழுதி ஒட்டினேன். நூலையும் திரும்பக் கட்டினேன். வெள்ளத்தாய் நூலால் சொன்னதும் இருக்கட்டும், நான் எழுதியதும் இருக்கட்டும்.

1 மார்ச்

நாளை வருகிறாள். ஒரு வேட்டியைக்கூட மடித்து வைக்கவில்லை. வைக்க மாட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

அதே பைதான். ஆனால் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் வைத்ததும் கடகடவென்று சத்தம். திறந்தால் அவள் வீட்டுக் காலி டப்பாக்கள், பதினொன்று.

"என்னடி இது?"

"நல்ல பெரிய எழுத்தா எழுதிக் குடுங்க. மூடியில வேண்டாம், உடம்புல."

"உன்கூட வாரது?"

"அன்னைக்குப் பொங்கினதும் எனக்குக் கை கால் ஓடல. உங்க கை நேரா திருகுக்குப் போச்சு. பாத்துக்கிட்டுதான இருந்தேன்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ரசம் இருக்கா?"

இருந்தது.

மத்தியானத்துக்குள் நாலு டப்பாதான் முடிந்தது. மிளகாய், மல்லி, மிளகு, வெந்தயம். அவள் சாயங்காலப் பஸ்ஸுக்குப் போக வேண்டும். என்னால் வேகமாக எழுத முடியாது, அவசரப்படுத்தாதே என்று சொல்லிவிட்டேன். மிச்சம் ஏழு இங்கேயே இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறேன்.