கையெழுத்தான சமாதானம்

அக்கா,

டிரங்குப் பெட்டியை இன்று வெயிலில் வைத்தேன். அடியில் விரித்திருந்த பத்திரிகை பழுத்து, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. ஜப்பான்காரர்கள் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட செய்தி. கொட்டை எழுத்துகள் மட்டும் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் சேலத்திலிருந்து அதை வாங்கி வந்தபோது, நீ தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாய். கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாய். தறியை விட்டுப் பட்டாளத்தோடு சிங்கப்பூர் போன உன் கணவரிடமிருந்து, அந்த ஊர் ஜப்பான்காரர்களிடம் விழுந்த பிறகு ஒரு வரியும் வரவில்லை.

“பிடிச்சு வெச்சவங்களை உடறாங்கன்னு போட்டிருக்குதா சாமி?”

“போட்டிருக்குதுக்கா. எல்லாரையும் உட்டுரோணுமாம்” என்று நான் படித்துச் சொன்னேன்.

அன்று நீ சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

பட்டாளத்துக்குப் போன மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவர் திரும்பி வந்தார். ஓடிப்போய்க் கேட்டோம். “நான் வேற முகாமுங்க, எனக்குத் தெரியலீங்க” என்று தலை குனிந்துகொண்டார். சேலத்துக் கலெக்டர் கச்சேரியில் கேட்டால், காணாமல் போனவர் என்றார்கள். இருக்கிறாரா இல்லையா என்று கேட்டதற்கு, மேலிடத்திலிருந்து தகவல் வரட்டும் என்றார்கள். எத்தனை நடை நடந்தோம்! எதிரிகள் மேசை போட்டு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். ஒரு நெசவாளி எங்கே என்று சொல்ல மட்டும் ஆளில்லை.

உன் கொழுந்தனுக்குப் பொறுமை போய்விட்டது. “சண்டை முடிஞ்சு வருசமாச்சு. அண்ணன் வரமாட்டாரு. தாலியைக் கழட்டிரு அண்ணி” என்றார்.

“சண்டை முடிஞ்சுதுன்னு காயிதத்துல போட்டாங்க. அவரு முடிஞ்சாருன்னு எவன் போட்டான்?” என்று கத்தினாய்.

போன மழைக்காலத்தில் வாந்திபேதி உன்னைக் கொண்டுபோயிற்று. வெள்ளைச் சீலையா, கூறைச் சீலையா என்று உன் தலைமாட்டிலேயே வாதாடினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. குங்குமத்தை எடுத்து உன் நெற்றி நிறைய வைத்தேன்.

“நீ யாரு இதைச் செய்ய?” என்றார் கொழுந்தன்.

“அவரு செத்தாருன்னு காட்டுங்க, நானே அழிச்சுடறேன்” என்றேன்.

குங்குமம் வைத்துவிட்டேன் அக்கா. அதனால் உன் காத்திருப்பு என் தலையில் வந்து விழுந்துவிட்டது. தெருவில் புதிதாக யாராவது வந்தால் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன். ஒருவேளை அவர்தான் வந்து நின்று, “எங்கூட்டுக்காரி எங்கீங்க?” என்று கேட்டால், நான் என்ன சொல்ல?